இன்ஸ்பெக்டர் ஒட்டிய ஸ்கிராம்ப்ளர்

பதினெட்டு வருடங்களாக, மற்றவர்கள் செய்த வெல்டிங்கைக் குறை சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய்க் குழாய் வேலை எடுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். கையில் டார்ச் லைட், பையில் பூதக்கண்ணாடி, காதில் செருகிய மஞ்சள் மார்க்கர். குழாயை ஒட்டி முடித்துவிட்டு வெல்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் குனிந்து பார்ப்பேன், உதட்டைப் பிதுக்குவேன், பிடிக்காத இடத்தில் மஞ்சளில் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் விழுந்தால் அவர் அதை அறுத்துவிட்டு மறுபடியும் ஒட்ட வேண்டும். அப்படி வட்டம் போட்ட இந்தக் கை ஒருநாள்கூட வெல்டிங் ராடு பிடித்ததில்லை. கோர்ஸ் படித்தேன், பரீட்சை எழுதினேன், சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். சமையல்கட்டுப் பக்கமே போகாத ஆள் சாம்பாரில் உப்பு பார்ப்பது மாதிரியான உத்தியோகம்.

போன வருடம் எனக்கு நாற்பத்தாறு முடிந்தது. அந்த வயதில் ஆண்களுக்கு வரும் கோளாறுகளில் எனக்கு வாய்த்தது ஸ்கிராம்ப்ளர், அதாவது மேடு பள்ளம் பார்க்காமல் காட்டுப் பாதையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள். கம்பெனியில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஸ்கிராம்ப்ளர் ஓட்டி, திங்கட்கிழமை உடம்பெல்லாம் சிராய்ப்போடு வந்து பெருமை பேசுவார்கள். எனக்கும் அந்தச் சிராய்ப்பு வேண்டியிருந்தது. எஞ்சின் செத்துப் பல வருடமான ஒரு பழைய ஸ்கிராம்ப்ளரைப் பிடித்தேன். விபத்தில் நசுங்கிய ஒரு ரோட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து நூற்றைம்பது சிசி எஞ்சின் ஒன்றையும் பிடித்தேன். இரண்டும் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததில்லை. எஞ்சினைப் பிடித்து நிற்க வேண்டிய மவுண்டிங் பிரேமில் ஒரு பக்கம் இருந்தது, எஞ்சினின் போல்ட் ஓட்டை இன்னொரு பக்கம் இருந்தது. பழைய மவுண்டிங்கை அறுத்து, தகட்டில் புதிதாக வெட்டி, பிரேமோடு வெல்டிங் பண்ண வேண்டும்.

"தம்பிகிட்ட கொண்டு போங்க. அவனுக்கு ஒரு மணி நேர வேல," என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது சரிதான். அவளுடைய தம்பி, என் மச்சான், நான் பார்த்த வெல்டர்களிலேயே சுத்தமான கை உள்ளவன். இப்போது உம்பாயில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்து, வீட்டு கேட்டும் மீன் கடைகளுக்குக் கூரையும் செய்து கொடுக்கிறான். ஆனால் நானும் அவனும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. காரணம் என் மஞ்சள் மார்க்கர்.

அப்போது அவனும் எங்கள் வேலையில்தான் இருந்தான். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர். ஒட்டிய ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் தன் நம்பரை எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், பிலிமைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்வேன். ஒரே வேலையில் இரண்டு ஜாயின்ட் ரிஜெக்ட் ஆனால் அந்த வெல்டரை நிறுத்திவிடுவார்கள். மச்சானுக்கு ஏற்கெனவே ஒன்று ஆகியிருந்தது. இரண்டாவதை நான் போட்டேன். "சொந்தக்காரன்னு பாக்காம கடமையச் செஞ்ச மனுஷன்," என்று மேனேஜர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பலனை அனுபவித்தது என் மகள். அப்போது அவளுக்கு ஒரு வயது. மொட்டை போட்டாயிற்று, காது குத்து மட்டும் பாக்கி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இருப்பதோ ஒரே தாய்மாமன். அவன் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டான். "நகக்கடையில குத்திக்கலாமே," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. நான்தான் நேரில் போய் அவனைக் கூப்பிட வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் கூப்பிட்டால் அது அக்கா கூப்பிட்டதாகத்தான் ஆகுமாம். மகளுக்கு நாலு வயது ஆகிவிட்டது, காது வெறுமையாகவே இருந்தது. பாசாரில் காய் விற்கிற அம்மா, "தம்பிக்கு ஒரு வாழப்பழம்," என்று நீட்ட, "நான் பொண்ணு!" என்று இவள் போட்ட கத்தலில் நாலு கடை திரும்பிப் பார்த்தது. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

ஆகவே ஸ்கிராம்ப்ளரைச் சாக்கு வைத்து அவள் என்னை உம்பாய்க்கு அனுப்பப் பார்க்கிறாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வீம்பு வந்துவிட்டது.

"நான் யாரு? இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரியாத வெல்டிங்கா?" என்றேன்.

"தெரியும், தெரியும். பாக்கத் தெரியும்," என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் வேலை தொடங்கியது. வெல்டிங் மெஷின் இரவல், மாஸ்க் புதுசு. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார், புன்னகைத்தார், பிறகு தன் காரை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் நிறுத்தினார்.

முதல் ராடு இரும்போடு அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மெஷின் உறுமியது. பிரேமைக் காலால் மிதித்துப் பிடுங்கினேன். ஒட்ட வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் ஒட்டியது. அடுத்த ராடில் மெஷினின் கரண்ட்டைக் கூட்டினேன். இப்போது ஒட்டவில்லை, பிரேம் குழாயில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்க ராடு மேல் ராடாக உருக்கி ஊற்றினேன். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது, என் உத்தியோகக் காலத்தில் எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே நான் வீசிய வார்த்தை ஞாபகம் வந்தது: கோழிப் பீ. அந்த ஆட்கள் நாற்பதடி உயரத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒட்டியவர்கள். நான் கொட்டகையில் முக்காலி போட்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் மைலோ வைத்துக்கொண்டு ஒட்டியவன்.

சூட்டில் கெட்டுவிடுமே என்று எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒட்டினேன். இரும்பு சூடு கண்டால் இழுக்கும் என்று வகுப்பில் படித்தது எனக்கு வாய்ப்பாடாகத் தெரியும். தெரிந்து என்ன? மறுநாள் காலை எஞ்சினைத் தூக்கி வைத்தால் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நாலு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. ஓட்டையை அரத்தால் ராவி முட்டை வடிவமாக்கி, போல்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். இந்த வேலையை வேறொருவன் என் கண் முன்னால் செய்திருந்தால் அவனை கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பேன். மேலே கனமாகக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். கடைசியாக, யாரும் கேட்காமலே, மஞ்சள் மார்க்கரால் மவுண்டிங் பக்கத்தில் என் வெல்டர் நம்பரை எழுதினேன். டபிள்யூ ஒன்று. பிறகு குனிந்து, டார்ச் அடித்து, நானே பார்த்து நானே பாஸ் போட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிடத்தில் செம்பனைத் தோட்டம் வந்துவிடும். கம்பெனி ஆட்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று முதல் ஓட்டத்துக்குத் தனியாகப் போனேன். கால் மணி நேரம் நான் ராஜாதான். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் செம்மண் பாதையில் வாய்விட்டுக் கத்தினான் என்றால் அது நான்தான். பிறகு ஒரு சின்னக் கால்வாய் வந்தது. தாண்டி இறங்கியதும் "டக்" என்று ஒரு சத்தம். என் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே முன்குழாய் இரண்டாக முறிந்து, எஞ்சின் மூக்கு தொங்கி, செயின் சிக்கி, பின்சக்கரம் அப்படியே நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை. வெட்டி அடுக்கி வைத்திருந்த செம்பனை மட்டைகளின் மேல், முள் இருக்கிற பக்கமாகப் பார்த்து, உட்கார்ந்த வாக்கில் போய் விழுந்தேன்.

மனைவிக்குப் போன் பண்ணினேன். "அடி பட்டிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "அங்கயே இருங்க," என்று வைத்துவிட்டாள். உட்கார முடியாததால் நின்றுகொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மட்டைகளை நெரித்துக்கொண்டு ஒரு சின்ன லாரி வந்தது. ஓட்டி வந்தது மச்சான்.

இறங்கினான். என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "கால் நல்லாருக்கா?" என்றான். மூன்று வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "ம்," என்றேன். இருவருமாக வண்டியைத் தூக்கி ஏற்றினோம். லாரி பாயா ரும்புட் பக்கம் திரும்பவில்லை, நேராக உம்பாய்க்குப் போனது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை எனக்குள்ளேயே புரட்டிக்கொண்டு வந்தேன். மூன்று வருடத்துக்கு முன் நான் ரிஜெக்ட் போட்ட அந்த எக்ஸ்ரே பிலிமில் இருந்தது கடுகை விடச் சின்ன ஒரு கரும்புள்ளி. அளந்தால் அளவுக்குள்தான் என்றும் சொல்லலாம், தாண்டிவிட்டது என்றும் சொல்லலாம். பக்கத்தில் மச்சானின் நம்பரைப் பார்த்தேன். பாஸ் போட்டால் சொந்தக்காரனுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தேன். ரிஜெக்ட் என்று எழுதினேன். என் நேர்மைக்கு நல்ல பெயர் வாங்க அவன் வேலையைக் கொடுத்தேன்.

பட்டறையில் பிரேமை ஸ்டாண்டில் ஏற்றி, என் கறுப்புப் பெயின்ட்டையெல்லாம் கிரைண்டரால் வழித்தெடுத்தான். சாக்கட்டியை எடுத்தான். ஒரு வட்டம், இரண்டு வட்டம், பதினொன்று வரை போட்டான். வட்டம் விழாத இடம் சீட் மட்டும்தான். குனிந்தவன் ஓரத்தில் மிச்சமிருந்த மஞ்சள் எழுத்தைப் பார்த்தான்.

"வெல்டர் நம்பர் வேறயா?" என்றான். தோள் குலுங்கியது. பிறகு கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கோழி கூட இப்படிப் பேலாது மாமா!" நானும் சிரித்தேன். சிரித்ததில் முள் குத்திய இடமெல்லாம் வலித்தது.

எஞ்சினை முதலில் பிரேமுக்குள் வைத்தான். புதுத் தகடுகளை எஞ்சினிலேயே போல்ட் போட்டு முடுக்கினான். பிறகுதான் தகட்டைப் பிரேமோடு ஒட்டினான், இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு. "பிடிங்க," என்றான். கிளாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ராடு போன தடத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. முதல்தடவையாக ஒரு வெல்டிங்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவுக்குக் காது குத்தணும். நீ வரணும்," என்றேன்.

மாஸ்க்கை மேலே தூக்கினான். "ரிஜெக்ட் பண்ணதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனைக்கிறீங்களா? அது வேல லா. சனிக்கிழம நீங்க ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டீங்க. மறுநாள் எங்க வீட்ல வந்து நண்டு சாப்பிட்டீங்க. ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. ஒரு வார்த்த சொல்லல. திங்கக்கெழம காலையில கேட்ல என் பாஸ் கார்டு வேல செய்யல. எல்லாரும் பாக்க நிக்கிறேன், செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

நண்டு ஞாபகம் இருந்தது. அதை மென்றுகொண்டே, ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது.

"வர்றேன். மடியில வச்சுக்கிறேன். சீர் எல்லாம் நான் செய்றேன்," என்றான். "ஆனா ஒங்க சோத்துல கை நனைக்க மாட்டேன்." மாஸ்க்கை இறக்கிக்கொண்டான்.

சொன்னபடியே வந்தான். கோயில் மண்டபத்தில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, மருமகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் அவள் மண்டபமே அதிர அலறினாள். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டு காதிலும் சிவப்புக் கல் தோடு மின்னியதும் மனைவி முகத்தில் மூன்று வருடச் சுமை இறங்கியது. பந்தி போட்டார்கள். சாம்பார் வாளியோடு நான் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போனபோது அவனுக்கு வைத்த இலை காலியாக இருந்தது. மனைவி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாளியோடு வெளியே ஓடினேன். அவன் லாரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"அந்த ஜாயின்ட்," என்றேன். மூச்சு வாங்கியது. "வேற யாரு நம்பரா இருந்தாலும் பாஸ் போட்டிருப்பேன். ஒன்னோட நம்பரா இருந்ததாலதான் ரிஜெக்ட் போட்டேன். எனக்குப் பேரு கெட்டுடும்னு பயம்."

கதவைப் பிடித்தபடியே நின்றான். என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த வாளியைப் பார்த்தான்.

"இத அன்னிக்கு நண்டு சாப்பிடறப்போ சொல்லியிருந்தா ஒங்கள அடிச்சிருப்பேன் மாமா," என்றான்.

"இப்ப?"

லாரிக் கதவை அடித்துச் சாத்தினான். "இப்ப பசிக்குது," என்று சொல்லிவிட்டு, கை கழுவுகிற குழாயைப் பார்த்து நடந்தான்.