கதவைச் சாத்தி வைக்கவும்

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கூலர் வாங்கியிருக்கிறார்கள். யாரும் வந்து சொல்லவில்லை. படி இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் பட்ட புது வைக்கோல் மாதிரி ஒரு வாசனை, அதில் கொஞ்சம் மரத்தூள் வாசனை. விழுப்புரத்தின் ஆடி மாதத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒரு தூறல் போட்டுவிட்டுப் போகும். காலை எட்டு மணிக்கெல்லாம் ஊரே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருக்கும். அவர்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தும் கதவைத் தட்டினேன்.

ஈரத்தலையோடு ஒரு பெண் வந்து திறந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. "ஜன்னலத் தொறந்து வச்சிகினு கூலரப் போடும்மா" என்றேன்.

"தொறந்தா குளுமை வெளிய பூடாதாக்கா?"

நான் பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். பதில் நீளமானது. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தை ஒட்டிய காலனியில் இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஓர் அறைத் தள வீடு. அதற்கு முன்னால் கரும்புத் தோகை வேய்ந்த கூரை. அதை நினைத்து நான் உருகுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். மழைக்கு ஒழுகும், பூரான் விழும், என் எட்டாம் வகுப்பு நோட்டுகளைக் கரையான் தின்றதும் அங்கேதான். தளம் போட்ட அன்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் நம் தலையில் கக்கும். அப்பா மேலே ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். எதிர்வீட்டு மல்லிகா அத்தை கீழேயிருந்து, "இன்னாண்ணே, தோசை வெந்துதா, திருப்பிப் போடு" என்பார். அம்மா பழைய புடவையை நனைத்து ஜன்னலில் கட்டுவாள். பங்குனி, சித்திரையில் அதன் வழியாக வருகிற காற்று சில்லென்று இருக்கும். ஆடி பிறந்ததும் புடவையை அவிழ்த்துவிடுவாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவிழ்க்க வேண்டிய நாள் அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மூன்றரை, நாலு மணிவாக்கில் மரக்காணம் பக்கத்திலிருந்து கடல்காற்று வந்து சேரும். முதலில் யார் மேல் படுகிறதோ அவர்கள் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். "காத்து எறங்கிடிச்சி" என்று தெரு முனையில் கேட்டால், அது வீடு வீடாக நகர்ந்து வரும். ஒவ்வொரு வீட்டின் கிழக்குக் கதவும் திறக்கும். சண்டை போட்டு மாதக்கணக்கில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்கூட இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குரலுக்காக அதிகம் காத்திருந்தவர் என் அப்பா. மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், இருபது வருஷத்துக்கு மேல் மூட்டை தூக்கியவர். அந்தத் தூசி எல்லாம் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. நான் கல்லூரிக்குப் போன வருஷம் இனி மூட்டை தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு பகலில் வீட்டில் அவர் மட்டும்தான். குரல் கேட்டதும் எழுந்து கிழக்குக் கதவைத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்து, வாயால் காற்றைக் குடிப்பார்.

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். அதுவும் இயற்பியல். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிராது. படத்தோடு எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன். அம்மா புடவையை அவிழ்ப்பதற்குக் காரணம் அதே பாடம்தான். நோட்டில் இருந்தது வீட்டுக்குள் வரவில்லை. அது எதனால் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

படிப்பு முடிந்ததும் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது. மெஷினுக்காக ஏசி. அதன் தயவில் எனக்கும் ஏசி. கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: கதவைச் சாத்தி வைக்கவும். யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் நான் எழுந்து போய்ச் சாத்துவேன். குளிர்ச்சி வீணாகக் கூடாது என்று எனக்கு அவ்வளவு அக்கறை. சாயங்காலம் ரயிலில் திண்டிவனம் வந்து இறங்கினால் வீட்டில் அப்பா வியர்வையில் மிதந்துகொண்டிருப்பார்.

முதல் சம்பளத்தில் கூலர் வாங்கினேன். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். காலனியே வந்து பார்த்தது. அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள் வரிசையாக அதன் முன்னால் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். "இனிமே இன்னாண்ணே, ஊட்டிக்கு டிக்கெட் எடுக்கிற செலவு மிச்சம்" என்றார் ஒருவர். அப்பா சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கிழக்குக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கதவைச் சாத்தி வைக்கவும். ஆபீசில் இருந்த அதே வாசகம். என் புத்தியைப் பாருங்கள். அந்த வீட்டில் என்னைத் தவிர எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு அது தாலுகா ஆபீஸ் உத்தரவு மாதிரி. வருகிறவர்களை எல்லாம் உள்ளே அழைத்து உரக்கப் படிக்கச் சொல்வாராம். படித்து முடித்ததும், "எம் பொண்ணு எழுதனது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

ஆடி பிறந்தது. சுவர் வியர்த்தது. அரிசியில் பூசண வாடை வந்தது. கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காயவில்லை. அம்மா நூறுநாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"உள்ள ஒரே கசகசன்னு கீதுடி. செத்த தொறந்து வைக்கலாமா? அவருக்கு இழுப்பு ஜாஸ்தியா ஆன மாரி கீது."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சும்மா இரு."

இதைச் சொன்னது நான்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே சொன்னேன்.

அப்பாவிடமும் கேட்டேன். "எப்படிப்பா இருக்கு?" கூலருக்கு முன்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். "ஜில்லுனு கீதும்மா" என்றார். நான் அதை நம்பினேன். இல்லை, நம்ப வசதியாக இருந்தது.

அந்த ஆடியில் ஒரு நாள் பிற்பகல் நடந்ததை மல்லிகா அத்தைதான் பின்னால் சொன்னார். காற்று இறங்கிவிட்டது என்று தெருவில் குரல் வந்திருக்கிறது. எல்லாக் கதவும் திறந்திருக்கின்றன. எங்கள் கதவு மட்டும் திறக்கவில்லை. அத்தை வந்து தட்டி, "அண்ணே, காத்து எறங்கிடிச்சி, தொறந்து வுடு" என்றிருக்கிறார். உள்ளே இருமல் அடங்கிய பிறகுதான் பதில் வந்திருக்கிறது.

"வேணாம்மா. பாப்பா சாத்தி வைக்கச் சொல்லிக்கீது."

அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை. கொஞ்ச நேரத்தில் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது. ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே போனபோது கூலர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அப்பா அதன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்திருக்கிறார். கதவை விரியத் திறந்து அவரை வெளியே தூக்கி வந்தபோது அந்தத் தாள் யாருடைய தோளிலோ உரசிக் கிழிந்ததாம். இதையும் அத்தைதான் சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் விழுப்புரத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளவயது டாக்டர். வீடு ஈரமாக, அடைத்த மாதிரி இருக்குமா என்று கேட்டார். கூலர் இருக்கிறது என்றேன். ஜன்னல் திறந்திருக்குமா என்றார். இல்லை என்றேன். ஏற்கெனவே நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி விட்டுவைத்தார். அதில் நுழைந்து வெளியே வர நானும் எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன். நாலாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கருமாதி வரை காத்திருந்தேன். அவள் திட்டவே இல்லை. கூலரைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிப் போட்டது நான். அதைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் நானே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னாலதாம்மா" என்றேன். "சாப்பாட்ட ஆற வுடாத, துன்னு" என்றாள்.

விழுப்புரத்தில் வீடு எடுத்துத் தங்கி மூன்று வருஷமாகிறது. மாதம் இரண்டு தடவை திண்டிவனம் போகிறேன். தெருவில் பல வீடுகளுக்கு மாடி வந்துவிட்டது. பாதிப் பேர் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதால் குரல் கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அது போகட்டும். ஊர்கள் மாறத்தான் செய்யும். போனது வேறு ஒன்று. முன்பெல்லாம் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், அது மாத்திரை அட்டையாக இருந்தாலும் சரி, அம்மா அதை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிடுவாள். நான் வந்து படித்துச் சொல்கிறவரை யாரையும் தொடவிட மாட்டாள். ஆறாவது படிக்கும்போதே எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது. அவசரக் கடுதாசியே ஆனாலும் நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறவரை காத்திருக்கும்.

போன மாதம் நான் போயிருந்தபோது கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்து அம்மாவுக்கு ஒரு சீட்டு வந்திருந்தது. வாசலில் நின்று அதை வாங்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். மல்லிகா அத்தையின் மருமகள் எட்டாவது வரை படித்தவள். "என்னைக்கு வரச் சொல்லிக்கிறாங்கன்னு பாரும்மா" என்று அம்மா அவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். அம்மா பொறுமையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.