நீலப் பென்சில் கோடு

முன்சீப் எழுதிய தீர்ப்பில் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்த மகாபுத்திசாலி நான். அந்த வரியை அவர் நீலப் பென்சிலால் கோடு போட்டு நீக்கிய காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் திண்டிவனத்துக் கோர்ட் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். இங்கிலீஷ் நாவல்கள் நாற்பது படித்திருந்தவனுக்கு முன்சீப்பின் நடை சப்பென்றிருந்தது.

ஒரு வரப்புத் தகராறு. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர் சாட்சி. வரப்பை வெட்டியதை அறுவடையின்போது பார்த்ததாகச் சொன்னவர், குறுக்கு விசாரணையில் விதைப்பின்போது என்றார். ‘இந்தச் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை’ என்று முன்சீப் எழுதியிருந்தார். இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை வீணடிக்கலாமா? ‘கூசாமல் பொய் சொல்லிப் பழகியவர்’ என்று அலங்கார இங்கிலீஷில் சேர்த்து டைப் செய்தேன்.

தீர்ப்பன்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். கடைசி வரிசையில் எடைக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். முன்சீப் உரக்கப் படித்துக்கொண்டே வர, என் வரி வந்தது. நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அடுத்த வரிக்குப் போய்விட்டார். என் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் போனேன். வரிமேல் கோடு போட்டுவிட்டுச் சொன்னார்: “தோத்தவர் அப்பீலுக்குப் போவார். சாட்சி எங்கே போவார்? நகல் வாங்கி மண்டியில தமிழ்ல படிச்சுக் காட்டுவாங்க. அப்புறம் அவர் தராசை யார் நம்புவா? அவர் சொன்னது நிக்கலை, அதைச் சொல்லியாச்சு. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?”

என்னைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தை மறுபடி டைப் செய்யச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இன்று பத்திரிகைகளில் ஊரைக் கேலி செய்து பிழைக்கிற எனக்கு, சூடான வார்த்தை ஒன்று கிடைத்ததுமே அந்தப் பென்சில் குறுக்கே வந்துவிடுகிறது. பாதிக் கட்டுரை அதிலேயே காலி.

சென்ற வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில் எடைக்காரரைப் பார்த்தேன். இன்னும் அதே மண்டி, அதே தராசு. என் கையில் அந்தப் பெட்டி இருந்தது. காகிதத்தை எடுத்துக் காட்டி, நான் எழுதியதையும் முன்சீப் தாண்டியதையும் ஒப்புவித்து, மன்னிப்பும் கேட்டேன். நீலக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அய்யா படிச்சது இங்கிலீஷுங்க, எனக்கு இன்னா புரியும்? நீங்கதான் என்னியப் பாத்து சிரிச்சிக்கினே இருந்தீங்க. என் பேச்சு எடுபடலன்னு அதுலதான் தெரிஞ்சிக்கினேன்.”