வலப்பக்கத்து மழை

சைகோன் பத்தாம் வட்டாரத்துப் பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சந்தைக்குள் கியெம் நுழைந்தால் கடைக்காரர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். பாதி மரியாதை, பாதி பயம். மனுஷன் எந்த ஆம்ப்பையும் முன்பக்கம் பார்க்கமாட்டார். திருப்பிப் போட்டுப் பின்பக்கம்தான் பார்ப்பார். ஸ்க்ரூ தலையில் கீறல் இருக்கிறதா, கடை முத்திரை ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று தடவுவார். காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து, புதிதாக ஈயம் பற்றவைத்த வாசனை வருகிறதா என்று முகர்வார். பெண் பார்க்கப் போன இடத்தில் எவனாவது இப்படிப் பார்த்தால் செருப்படிதான் கிடைக்கும்.

அவர் சந்தேகத்தையும் குறை சொல்வதற்கில்லை. அந்தச் சந்தையில் இருப்பதெல்லாம் ஜப்பான்காரன் கழித்துக் கட்டிய சாமான். கன்டெய்னரில் குவியலாக வந்து இறங்கும். வந்த பெட்டியின் வயிற்றைத் திறந்து, அசல் உறுப்பை உருவிக்கொண்டு, மலிவுச் சரக்கை வைத்து மூடி விற்கிற திருட்டுத்தனத்துக்கு அங்கே ‘அவிக்கிறது’ என்று பேர். அவித்த ஆம்ப்பும் பாடும், ஆனால் உப்பில்லாத சோறு மாதிரி இருக்கும். ஒரு கடைக்காரன் அவிக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டால் அவன் கதை முடிந்தது. அப்புறம் சத்தியம் பண்ணினாலும் எவனும் படி ஏறமாட்டான்.

கியெம் ஆயுள் முழுக்க ஐஸ் ஆலை நடத்தியவர். ஐஸ் பாளம் நொறுக்குகிற இயந்திரத்தின் இரைச்சலிலேயே நின்று பிழைத்துவிட்டு, இப்போது ஆலையை மகனிடம் விட்டுவிட்டார். அந்த ஊரில் ஒருவர் எத்தனையாவது பிள்ளையோ அதுதான் கூப்பிடும் பேர் என்பதால், ஊருக்கெல்லாம் அவர் ஏழண்ணன். ஞாயிறு காலையில் சந்தை முனைக் காப்பிக்கடையில் ஒலிப்பித்துப் பிடித்த கூட்டம் ஒன்று சேரும். புதிதாக வாங்கின ஆம்ப்பை மோட்டார்சைக்கிளில் கட்டித் தூக்கி வந்து, அவர் முன்னால் வைத்துப் பாடவிட்டு, பெண் வீட்டார் மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ஏழண்ணன் கண்ணை மூடி ஒரே ஒரு பாட்டுக் கேட்பார். “சுத்தம்” என்பார், இல்லாவிட்டால் “அவிச்சது” என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இத்தனை பெரிய சந்தேகப் பிராணிக்கும் நம்பிக்கையான ஆள் ஒருத்தன் இருந்தான். பேர் டோங். காப்பிக்கடைக்கு நாலு கடை தள்ளிக் கடை. அவரைவிடப் பத்து வயசு சின்னவன், அவரிடம் திட்டு வாங்கியே தொழில் கற்றவன். அவர் அவனை நாலுத்தம்பி என்பார். அவன் கடைப் பெட்டியை மட்டும் அவர் முகர்ந்து பார்த்ததில்லை.

அந்த வருஷம் டெட் புத்தாண்டுக்குள் வீட்டுக் கீழ்க் கூடத்தில் ஹோம் தியேட்டர் போட்டுவிடுவதென்று கியெம் முடிவு பண்ணினார். முன்னால் ரெண்டு ஸ்பீக்கர், பேச்சுக்கு நடுவில் ஒன்று, முதுகுப் பக்கம் ரெண்டு, மூலையில் அதிர்வுக்கு ஒரு சப் வூஃபர், எல்லாவற்றையும் இழுக்க ஒரு ஆம்ப். டோங் கடையில் இதற்காகவே பல நாள் சண்டை நடந்தது.

“முன்னால இருக்கிற மூணும் ஒரே கம்பெனியா இருக்கணும் நாலுத்தம்பி. இல்லேன்னா கதாநாயகன் இந்தப் பக்கம் பேசறப்ப ஒரு குரல், நடுவுல வந்தா வேற குரல்னு ஆயிடும்.”

“அது எனக்குத் தெரியாதா ஏழண்ணே? ஆனா நீங்க கேக்கற பெரிய ஸ்பீக்கருக்கு இந்த ஆம்ப் தாங்காது. சூடேறிப் படுத்துடும். ஒண்ணு ஸ்பீக்கரைக் குறைங்க, இல்லே ஆம்ப்பைக் கூட்டுங்க.”

“ஆம்ப்பைக் கூட்டு. நான் என்ன நாளைக்கே சாகப்போறேனா?”

கடைசியில் கனமான ஒரு ஆம்ப் வந்தது. ரெண்டு பேர் முக்கி முனகித் தூக்கினார்கள். ஜப்பான் சாமான் நூறு வோல்ட்டில்தான் ஓடும் என்பதால், மின்சாரத்தைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் அதன் பின்னால் வந்து உட்கார்ந்தது. டோங் கம்பிகளை மாட்டி, அளந்து, சரிபார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். அப்போது அது கியெமுக்குத் தப்பாகப் படவில்லை.

ஒரு மழைக் காட்சியைப் போட்டுக் கேட்டார். இடப்பக்கம் தகரக் கூரையில் பெய்தது மழை. வலப்பக்கம் கோணிச்சாக்கில் பெய்தது.

மறுபடி போட்டார். மறுபடியும் கோணிச்சாக்குதான்.

“லுவா, இங்க வா. வலது ஸ்பீக்கர் மந்தமா இல்லே?”

அவர் மனைவி லுவா கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள். “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு.”

“உனக்கு மிக்ஸி சத்தமும் பாட்டும் ஒண்ணுதான்.”

“ஆமா, உங்க காதுதான் தங்கக் காது. நான் சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் கேக்காது.”

டோங்குக்குச் சொல்லியனுப்பினார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அதே மாதிரி இன்னொரு ஆம்ப் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தான். அதிலும் வலப்பக்கம் மந்தம். இங்கேதான் கியெமின் மனசுக்குள் பூனை குறுக்கே ஓடியது. எந்தக் கடைக்காரன் முணுமுணுக்காமல் சாமானை மாற்றித் தருவான்? மடியில் கனம் இருப்பவன்தான் தருவான். அன்று காப்பி குடிக்காமல் ஓடினானே, ஏன்? எழுந்து போய் ஆம்ப்பைத் திருப்பினார். டோங்கின் முத்திரை ஸ்டிக்கர் ஒரு ஓரத்தில் நகம் அளவு தூக்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் விற்ற பெட்டியில் மூக்கை வைத்து முகர்ந்தார். ஈய வாசனை வந்த மாதிரி இருந்தது. வராத மாதிரியும் இருந்தது. வந்தது என்றே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடையில் கேட்டார்கள்: “என்ன ஏழண்ணே, வீட்டுத் தியேட்டர் எப்படி?”

“நம்ம டோங்கும் அவிக்க ஆரம்பிச்சுட்டான்,” என்றார்.

கூட்டத்தில் கியெமுக்கு வலது கையான பல் டாக்டர் ஒருவர், காப்பியில் ஐஸைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்திவிட்டார். நாலு கடை தள்ளி நின்றிருந்த டோங்கின் காதுக்கு அந்தச் சொல் போய்ச் சேர ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே மத்தியானம் டோங் வீட்டுக்கு வந்தான், நியாயம் கேட்கப் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது.

“ஏழண்ணே, என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். அவிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. என் கண்ணு முன்னால சோதிச்சுப் பாருங்க.”

ஆம்ப்பின் பின்னால் இடது கம்பியை வலதில் மாட்டினான், வலதை இடதில். மழைக் காட்சியை ஓடவிட்டான்.

“ஆம்ப்புல கோளாறுன்னா மந்தம் இடப்பக்கம் போயிருக்கணும். இப்ப எந்தப் பக்கம் மந்தம்?”

“வலது.”

டோங் நெற்றியைச் சுருக்கினான். ஸ்பீக்கர் பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினான். “இப்ப?”

“வலதுதான். டாக்டர், உங்களுக்கு?”

பல் டாக்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “சந்தேகமே இல்லே. வலது மந்தம்.” இந்தக் கூட்டத்தின் லட்சணம் அது. ஏழண்ணன் வாயிலிருந்து வந்துவிட்டால் எல்லார் காதிலும் அப்படியே விழும்.

கியெம் கையை உதறினார். “ரெண்டு பெட்டியையும் சேர்த்தே கெடுத்திருக்கான். அதான் எதை எங்க வெச்சாலும் இப்படி.” அப்படியானால் இடப்பக்கம் மட்டும் எப்படி நன்றாகக் கேட்கிறது என்று அவரிடம் யார் கேட்பது?

டோங் அவரையே பார்த்தான். அப்புறம் சமையற்கட்டு வாசலில் நின்ற லுவாவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பது மாதிரி. கியெம் அதைப் பார்த்துவிட்டார்.

“கோளாறு என் சரக்குலதான் ண்ணே,” என்றான் டோங். குரல் இறங்கிப் போயிருந்தது. “என் கண்ணு தப்பிடுச்சு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போறேன்.”

திருடன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று பல் டாக்டர் மறுநாளே சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். டெட்டுக்கு முந்தின நாட்களில்தான் அந்தச் சந்தைக்கு வருஷச் சம்பாத்தியம். மற்ற கடைகளில் நுழைய இடமில்லாத நேரத்தில் டோங் ஸ்டூலைப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கமாக வருகிறவர்கள் அவன் கடை வந்ததும் எதிர்வரிசைக்குத் தாண்டிப் போனார்கள்.

கியெமுக்கு அப்போதும் நிம்மதி இல்லை. டோங் பொண்டாட்டி மார்க்கெட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறாள், சரி. லுவா ஏன் டெட் பலகாரமான சோற்றுக்கட்டியை வாழையிலையில் சுருட்டி அந்த வீட்டுக்கு அனுப்புகிறாள்? ஒருநாள் வாசல் கேட்டுக்கு அருகில் அவளும் டோங்கும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்ததும் பேச்சு நின்றது.

“என்னை வெச்சு என்ன ரகசியம்?”

“ஒண்ணுமில்லே. டெட்டுக்கு என்ன சமைக்கறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்.”

பொய். அவருக்கு மூக்கில் வியர்த்தது. கட்டினவள், தம்பி மாதிரி வளர்த்தவன், ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து தன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று ராத்திரியெல்லாம் புரண்டார்.

ஆத்திரத்தில் எதிர்வரிசைக் குயியின் கடைக்குப் போனார். டோங்குக்கு ஜென்ம விரோதி அந்தக் குயி. வாய் நிறையப் பல்லாக வரவேற்று, கடையில் இருந்ததிலேயே உசத்தியான ஸ்பீக்கர் ஜோடியின் முன்னால் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டான். கியெம் கண்ணை மூடினார்.

வலப்பக்கம் மந்தம்.

இவனுமா? சந்தை மொத்தமும் சேர்ந்து அவிக்கிறதா? பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்த நேரம் வாசலில் யாரோ குயியைக் கூப்பிட, யாரென்று பார்க்க நாற்காலியோடு அப்படியே சுழன்று வாசல் பக்கம் திரும்பினார். ஸ்பீக்கர்கள் முதுகுக்குப் பின்னால் போயின.

மந்தம் இடம் மாறியது. இத்தனை நேரம் கணீரென்று பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்மேல் கோணிச்சாக்கு விழுந்தது. மற்றது பளிச்சென்று தெளிந்தது.

மறுபடி சுற்றி முன்னால் திரும்பினார். மந்தம் பழைய இடத்துக்கே போனது. இன்னொரு தரம் சுற்றினார். குயி சிரித்துக்கொண்டே, “நாற்காலியும் வேணுமா ஏழண்ணே?” என்றான். கியெம் நாற்காலியை விட்டு எழுந்தார். அடப்பாவி என்று அவர் வாய் முனகியது யாரையும் பார்த்து இல்லை.

வீட்டில் லுவா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தார்.

“உனக்குத் தெரியுமா?”

அவள் எதை என்று கேட்கவில்லை. “ரெண்டு வருஷமா நான் உங்க இடப்பக்கம்தான் உக்காந்து சாப்பிடறேன். வண்டியில போறப்பகூட இடது தோள்மேல சாஞ்சுதான் பேசறேன். வலப்பக்கம் பேசினா நீங்க திரும்பறதே இல்லே.”

“ஏன் சொல்லலே?”

“எப்படிச் சொல்ல? ஆலையை மகனுக்குக் குடுத்தாச்சு. அந்த ஞாயித்துக்கிழமை மரியாதை ஒண்ணுதான் உங்களுக்கு இருக்கு. அன்னிக்கு நாலுத்தம்பி சொல்ல வாயைத் திறந்தான். நான்தான் வேண்டாம்னேன். அதுக்கப்புறம் வாசல் கேட்டாண்ட வந்து நின்னு, கடை போயிடும் போலிருக்கு அக்கான்னான். ஆனா சொல்லட்டுமான்னு மட்டும் கேக்கவே இல்லே.” கீரையை அப்படியே விட்டுவிட்டு அழுதாள்.

கியெமுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு காப்பிக்கடை நிரம்பி வழிந்தது. அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: “டோங் அவிக்கலே. என் வலது காது போச்சு. கோளாறு அங்கதான்.”

ஒருவன் சிரித்தான். அது பரவியது.

“என்ன ஏழண்ணே, சமரசமா? ஆம்ப்பைச் சும்மாவே குடுத்துட்டானா?”

“டோங் பொண்டாட்டி காலைப் பிடிச்சிருப்பா,” என்றான் இன்னொருவன்.

பல் டாக்டர் மட்டும் கோபப்பட்டார். “நானும்தானே கேட்டேன்? வலது மந்தம். அப்ப என் காதும் போச்சா? உங்களை மாதிரிக் காது இந்த ஊர்ல எவனுக்கு இருக்கு? யார் காதுல பூ சுத்தறீங்க?”

அவர் சொல்லி அவர்கள் நம்பாதது இதுதான் முதல் தடவை. எவனையும் நம்பாதே என்று வாரா வாரம் பாடம் எடுத்தவர் அவர்தானே? நன்றாகத்தான் படித்திருந்தார்கள்.

கியெம் ஒரு ஸ்டூலைத் தெருவோரமாக இழுத்துப் போட்டு, தன் இடது காது கூட்டத்துக்குத் தெரியும்படி உட்கார்ந்தார். இடது காதுக்குள் விரலை இறுக்கி அழுத்திக்கொண்டார். “யாராவது வலப்பக்கம் வந்து நின்னு எதையாவது சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்.”

பல் டாக்டர் வந்தார். அவர் உதடு அசைந்தது கடைக்கண்ணில் தெரிந்தது. தண்ணீருக்கடியில் யாரோ முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

“தெரியலே,” என்றார் கியெம். “இன்னும் சத்தமா.”

டாக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. “தெரியலே.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பல் டாக்டர் விலகினார். அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்து நின்றார்கள். செருப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, டோங். கியெம் தலையைத் திருப்பவில்லை, விரலையும் எடுக்கவில்லை.

டோங் குனிந்து அவர் காதருகில் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரம் சொன்னான். காப்பிக்கடைக்கார அம்மா முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள். பல் டாக்டர் தரையைப் பார்த்தார். கடை முழுக்கக் கேட்டிருக்கிறது.

“தெரியலே,” என்றார் கியெம்.

அவன் என்ன சொன்னான் என்று அங்கிருந்த ஒருவரும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.