கறுப்புப் பக்கத்துத் துணி

நாடாளுமன்றத்தின் ஆயுள் நான்கு ஆண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் கிரேக்க நாட்டின் கலாக்ஸிதி துறைமுகத்துத் தையற்காரி ஸ்டமாத்தாவுக்கு நாலே ஆண்டில் நாலு தேர்தல் வந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளின் தொடக்கம் அது. சபையைக் கலைத்ததாகத் தந்தி வந்த கையோடு வாக்குப் பெட்டிகள் அவள் வீட்டில் வந்து இறங்கும்.

"ஏதென்ஸ்ல யாராவது தும்மினாப் போதும், எனக்கு வேலை வந்துடுது" என்பாள்.

வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரப் பெட்டி. நடுவில் தடுப்பு, வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் கறுப்பு. வாக்காளன் முன்னாலிருக்கும் குழாய்க்குள் முழங்கைவரை கையை விட்டு, ஈயக் குண்டை வேண்டிய பக்கம் நழுவவிடுவான். வேண்டுமென்றால் வெள்ளை, வேண்டாமென்றால் கறுப்பு. ஆத்திரம் மிகுந்தவன் குண்டைப் பல்லால் கடித்துக் கறுப்பில் போடுவான். எண்ணும்போது பல்தடத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும். விழும் சத்தம் வெளியே கேட்காதபடி இரண்டு பக்கமும் கம்பளித் துணி வைத்துத் தைப்பது ஸ்டமாத்தாவின் வேலை. பெண்களுக்கு வாக்கு கிடையாது. அதனாலோ என்னவோ, குழாய்க்குள் போன ஆண்களின் கை என்னதான் செய்கிறது என்று அவளுக்குள் ஒரே குறுகுறுப்பு.

கணவன் லூகாஸ் சுங்கக் காவலன். பீப்பாய் வளையம் தெறித்து முன்பல் பாதி உடைந்தவன். ஒவ்வொரு தேர்தலிலும் அவனைக் குடைவாள்.

"கவலாஸுக்கு வெள்ளையா, கறுப்பா?"

"உன் தையலைப் பாரு."

திமோலியோன் கவலாஸ் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர். லூகாஸுக்கு வேலை போட்டுக்கொடுத்தவர் அவர்தான். பிடுங்கவும் அவரால் முடியும். மூன்றாவது தேர்தலுக்கு முந்திய குளிர்காலத்தில், வரி கட்டாத புகையிலையோடு வந்த அவருடைய மைத்துனனின் படகை லூகாஸ் பிடித்துவிட்டான். கவலாஸ் வந்து, துறைமுகமே வேடிக்கை பார்க்க, லூகாஸை அந்த மைத்துனனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் கவலாஸே அவள் வாசலுக்கு வந்தார்.

"என் பெட்டியில வெள்ளைப் பக்கம் கனமாத் தைச்சுடு. கறுப்புப் பக்கம் மெல்லிசா இருக்கட்டும்."

"எதுக்குங்கய்யா?"

"பக்கத்துல என் ஆளு மனுசோஸ் நிப்பான். சத்தம் கேட்டா பேரை எழுதிக்குவான். உன் வீட்டுக்காரன் குண்டு சத்தம் போடலைன்னா அவன் வேலை பத்திரம்."

லூகாஸ் என்ன போடுவான் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் படகு விஷயத்துக்குப் பிறகு அவன் இரவுச் சாப்பாட்டில் கவலாஸின் பெயரையே எடுத்ததில்லை. கறுப்பைக் கனமாகத் தைத்தால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். யோசித்து யோசித்து, கிழிந்த சட்டையின் உள்துணியை எடுத்து இரண்டு பக்கமும் மெல்லிசாகவே தைத்தாள். கவலாஸ் கறுப்பில் ஒரு குண்டைப் போட்டுப் பார்த்தார். டங். திருப்தியாகப் போய்விட்டார்.

வாக்குப்பதிவு தேவாலயத்துக்குள். பெண்கள் வாசலோடு சரி. ஸ்டமாத்தா வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மற்றப் பெட்டிகள் வாயைத் திறக்கவில்லை. கவலாஸ் பெட்டியில் மட்டும் மணி அடித்தது. முதல் ஆள், டங். பாதிரியார், டங். மனுசோஸ் மளமளவென்று எழுதினான். புகையிலை மைத்துனன், டங்.

"அடப்பாவி, நீயுமா?" என்று மனுசோஸ் பல்லைக் கடித்தான்.

"நான் என்னய்யா பண்ணேன்? வெள்ளைதான் போட்டேன்!"

லூகாஸ் வந்தான். இருமுகிறவன்போல் கையை வாயருகே கொண்டுபோய்விட்டுக் குழாய்க்குள் விட்டான். டங். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. இரண்டு பக்கமும் அடிக்கிறபோது யாருக்குத்தான் புரியும்?

கடைசியில் கவலாஸே வந்து தனக்கு வாக்களித்தார். டங்.

மனுசோஸ் நோட்டைப் பார்த்தான், எசமானைப் பார்த்தான். "ஐயா... உங்க பேரையும் எழுதவா?"

கவலாஸ் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் பெட்டியில் ஒரு குண்டு குறைந்தது. எவனோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் என்று விட்டுவிட்டார்கள். ஊரே எதிரி என்று சொல்லும் நோட்டை வைத்துக்கொண்டு யாரை வேலையை விட்டுத் தூக்குவது?

"என்ன தைச்சிருக்கே நீ?" என்று வீதியில் ஸ்டமாத்தாவிடம் உறுமினார்.

"நீங்க சொன்ன மாதிரி மெல்லிசாத்தான்யா. வெள்ளைப் பக்கமும் கேட்டுச்சா? யார்கிட்ட போய்க் கேக்கலாம், நீதிபதிகிட்டயா?"

கவலாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

அந்தச் சபையும் ஒரே வருஷத்தில் கலைந்தது. பெட்டிகள் நாலாவது முறையாக வந்தன. கவலாஸ் இந்த முறை அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர் பெட்டியின் பழைய துணியைப் பிரித்தபோது, கறுப்புப் பக்கத்துத் தையல் விட்டிருந்தது. துணிக்குப் பின்னால் ஒரு குண்டு. அதில் பல்தடம்: ஒரு முழுப்பல், ஓர் அரைப்பல்.

சாப்பாட்டு மேசையில் ஒலிவக்காய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். லூகாஸ் பார்த்தான். நாக்கு தானாக உடைந்த பல்லைத் தொட்டது.

"எங்கே கிடந்துச்சு?"

"கறுப்புப் பக்கம். துணிக்குப் பின்னால."

"அப்ப... எண்ணலையா?"

"எண்ணலை."

ரொட்டியைக் கீழே வைத்தான். "நல்ல கனமான துணியாப் போட்டிருந்தா கிழிஞ்சிருக்காதுல்ல?"

"கறுப்புக்குக் கனமாப் போட அவர் விட்டிருப்பாரா? அவர் கேட்ட மாதிரியே தைச்சிருந்தா இன்னிக்கு உங்க உடம்புல இந்தச் சட்டை இருக்காது." எந்தச் சட்டை என்று அவனுக்குத் தெரியும், சுங்கப் பித்தான் வைத்தது.

லூகாஸ் குண்டைக் கையிலெடுத்து உருட்டினான். "இந்தத் தடவை?"

"ரெண்டு பக்கமும் கனமாத்தான்" என்றாள் ஸ்டமாத்தா, ஊசியில் நூல் கோத்தபடி. "ஆனா கடிக்காமப் போடுங்க. உங்க பல்லு ஊருக்கே தெரியும்."