வாய்க்குச் சர்க்கரை

அடையாறில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கும் ஜலஜாவுக்கு உலகத்தில் எல்லாமே நூற்றுக்கு எத்தனை என்பதுதான். மழை வருமா என்று கேட்டால் வரும் என்றோ வராது என்றோ சொல்லமாட்டாள். "நூத்துக்கு நாப்பது" என்பாள். பெண்கள் கல்லூரியில் காலமெல்லாம் புள்ளியியல் நடத்திய வாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே கேள்விகள் போடுவார்கள். மூன்று மாதத்தில் இந்த நாட்டில் கொரோனா இரண்டு மடங்காகுமா? டிரைவர் இல்லாத கார் அடுத்த வருஷம் தெருவில் ஓடுமா? பதிலைச் சதவீதமாகச் சொல்லவேண்டும். புதுச் செய்தி வர வர எண்ணை ஏற்றி இறக்கலாம். அப்படி மாற்றாமல் பிடிவாதமாக இருப்பவன்தான் அங்கே முட்டாள். கடைசியில் யார் கணக்கு சரி என்று பார்த்து மார்க் போடுவார்கள்.

அந்தப் பழக்கத்தை மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குள் கொண்டுபோனாளே, அதுதான் வினை.

2021, மாசி மாதம். அக்கா வனஜாவின் மகள் வர்ஷினிக்குச் சித்திரையில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்த சமயம். அக்கா புருஷன் சுவாமிநாதன் காபியை ஆற்றிக்கொண்டே விளையாட்டாகக் கேட்டார்.

"ஜலஜா, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்றது? சித்திரையில கொரோனா திரும்பி வருமா?"

"பெரிசா வர்றதுக்கு நூத்துக்கு முப்பது, அத்திம்பேர்."

"அப்போ எழுபது நல்லதுன்னு சொல்லு. பத்துக்கு ஏழு பொருத்தம்! எனக்கும் உங்க அக்காவுக்கும் ஆறுதான். நன்னா ஓடிண்டுதானே இருக்கு?"

வீடே சிரித்தது. ஜலஜாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஜாதகத்தில் ஏழு வந்தால் பாஸ். மிச்சம் மூன்றைப் பற்றி எந்த வீட்டில் யார் கவலைப்பட்டிருக்கிறார்கள்?

பங்குனியில் எண்கள் புரள ஆரம்பித்தன. தினம் சாயங்காலம் அரசாங்கம் வெளியிடும் அறிக்கையில் ஜலஜா பார்ப்பது ஒன்றைத்தான்: நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்கு இருக்கிறது? அது நகர்ந்துகொண்டே போனது. அவளுடைய முப்பது ஐம்பதாயிற்று, ஒரு சாயங்காலம் எழுபதாகிவிட்டது. இணையதளத்தில் மாற்றிவிட்டாள். அக்கா வீட்டில் மாற்றவேண்டாமா? மறுநாளே ஆட்டோ பிடித்தாள்.

அன்று அங்கே சுமங்கலிப் பிரார்த்தனை. கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்துப் பெண்கள் கூடி, புருஷன் தீர்க்காயுசாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நாள். அது தெரிந்தேதான் போனாள். எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஒரே தரமாகச் சொல்லிவிடலாம் என்பது அவள் கணக்கு. இவ்வளவு படித்தவளால்தான் இப்படிக் கணக்குப் போடமுடியும்.

இலை போட்டு, மடிசார் கட்டிய பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் நின்று சொன்னாள். "அக்கா, எழுபது ஆயிடுத்து. மண்டபம் வேண்டாம். ஆத்தோட பத்துப் பேரை வெச்சு முடிச்சுக்கலாம். அத்திம்பேருக்கு சுகர் வேற இருக்கு. வந்தா அவர் தாங்கமாட்டார்."

பாயசக் கரண்டியோடு நின்ற வனஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அன்னிக்கு முப்பதுன்னே. இன்னிக்கு எழுபதுங்கறே. எதுடி நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தான்க்கா. நிலைமை மாறித்து, நானும் மாத்திண்டேன்."

"இலைக்கு முன்னால நின்னுண்டு, இந்த நாள்ல, என் ஆத்துக்காரரைப் பத்திப் பேசற பேச்சாடி இது? வெளில போ!"

கல்யாணம் மண்டபத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நாதஸ்வரக்காரர் வந்தார், கொரோனாவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. வைகாசியில் சுவாமிநாதன் போய்விட்டார். மகன் அனிருத் அப்பாவை ஆம்புலன்சில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தும் ஆக்சிஜன் படுக்கை கிடைக்கவில்லை. அதே வாரம் இணையதளத்திலிருந்து ஜலஜாவுக்கு மெயில் வந்தது. இந்தியாவின் இரண்டாம் அலையைச் சரியாகக் கணித்தவர்களில் நீங்களும் ஒருவர், வாழ்த்துகள். கூடவே ஒரு பொம்மைப் பதக்கம். ஜலஜா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

துக்கம் கேட்க போன் செய்தபோது வனஜா நிதானமாகத்தான் பேசினாள். "வியாதி ஊருக்கெல்லாம் வந்தது. இவர் போனது உன் கருநாக்காலடி."

வைரஸைத் திட்டினால் அதற்கு உறைக்காது. ஜலஜாவுக்கு உறைக்கும். அதனால் எல்லாரும் அவளைத் திட்டினார்கள். வர்ஷினியின் சீமந்தம், அனிருத்தின் கல்யாணம், அனிருத்துக்குக் குழந்தை பிறந்தது என்று எல்லாவற்றையும் அவள் யாரோ வைத்த வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தாள். தூக்கி வளர்த்த பையன் தாலி கட்டுவதை போனில் பெரிதுபண்ணிப் பார்த்தாள். அந்த வலியை எந்தச் சதவீதத்தில் சொல்வது?

இணையதளத்தில் கொரோனாக் கேள்விகள் ஓய்ந்து, மெஷின்களைப் பற்றிய கேள்விகள் வந்தன. மெஷின் எப்போது தானே புரோகிராம் எழுதும், எப்போது தானே தப்புக் கண்டுபிடிக்கும்? ஜலஜா அதையும் ஊன்றிப் படித்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலிங் பெல் அடித்தது. வாசலில் அனிருத்.

"சித்தி, குழந்தைக்கு ஆயுஷ்ய ஹோமம். உன்னையும் கூப்பிடச் சொன்னா அம்மா." கொஞ்சம் தயங்கினான். "வந்தா நல்ல வார்த்தை மட்டும் பேசணுமாம்."

ஜலஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. காபி கலந்து கொடுத்தாள். கடைசி வாய் குடித்துவிட்டு அவன் மெதுவாகக் கேட்டான். "சித்தி, என் டெஸ்டிங் வேலை, அதான் புரோகிராம்ல தப்புக் கண்டுபிடிக்கறது, அதை மெஷின் எடுத்துக்குமா? புனேல வேற பிரிவுக்குக் கூப்பிடறா. மெஷினுக்கே வேலை சொல்லிக்கொடுக்கற பிரிவு. அம்மா போகவேண்டாம்னு அழறா. நீ சொன்னா சொன்னபடி செய்யறேன்."

இரண்டு வருஷத்துக்குள் அந்த வேலை போய்விடும் என்பதற்கு ஜலஜா போட்டிருந்த எண் எண்பத்தைந்து. முந்தின நாள்தான் ஏற்றியிருந்தாள். போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் போ என்றால் அக்காவிடமிருந்து பிள்ளையைப் பிரித்தவள் ஆவாள். அழைப்பு அப்படியே திரும்பிப் போகும். இத்தனை வருஷம் கழித்துத் திறந்த கதவு.

"போடா பைத்தியம்," என்றாள். "உன் வேலை எங்கேயும் போகாது. அம்மாவோட நன்னா இரு."

சதவீதம் இல்லாமல் அவள் சொன்ன முதல் பதில் அது. அனிருத்தின் முகம் மலர்ந்தது. அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹோமத்தில் வனஜா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். குழந்தையை மடியில் போட்டாள். ஜலஜா யாரிடமும் ஒரு எண்கூடச் சொல்லவில்லை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அனிருத்தின் டீம் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வேலையை மெஷின் பார்க்கிறதாம். புனேக்குப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேதி கேட்டு ஜலஜா மயிலாப்பூருக்கு ஓடினாள். இந்தத் தடவை திட்டு நியாயமானது, நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போனாள்.

வனஜா திட்டவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ என்னடி பண்ணுவே, பாவம். நீ நல்லதுதான் சொன்னே. அவன் தலையெழுத்து."

"அக்கா, எனக்கு அப்பவே..." என்று ஆரம்பித்தாள் ஜலஜா.

"இப்போ ஒண்ணு பண்ணு. சீக்கிரம் வேலை கிடைக்கும்னு உன் வாயால சொல்லுடி. உன் வாக்குப் பலிக்கும்."

ஜன்னலோரம் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அனிருத் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரியும். இணையதளத்தில் யார் என்றைக்கு எந்த எண் போட்டார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த எண்பத்தைந்தை அவன் பார்த்திருந்தான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"ஆவணிக்குள்ள கிடைச்சுடும்கா," என்றாள் ஜலஜா.

"உன் வாய்க்குச் சக்கரைதான்டி போடணும்!" வனஜா நிஜமாகவே உள்ளே போய் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் அள்ளிக்கொண்டு வந்தாள். ஜலஜா வாயைத் திறந்தாள். அனிருத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சர்க்கரை முழுவதும் கரையும்வரை வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.