லோர்னாவின் அண்டாக் கவிதை

லோர்னா வெஸ்டர்பி எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் தன் முதல் கவிதையை எழுதினாள். அதுவும் ஆசைப்பட்டு எழுதியதல்ல. சபையில் சிரித்துத் தொலைத்ததால் வந்த வினை.

கலிபோர்னியாவின் வடகடலோரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கவிதை வாசிப்பு நடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் இளவட்டமாக வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். போர் வேண்டாம், காசு வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்று மலைமேல் கூட்டாகக் குடியேறியவர்கள். இப்போது செருப்புக்குள் வைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தை வேண்டியிருக்கிறது. ஆனாலும் கவிதை என்று வந்துவிட்டால் எல்லோரும் இருபது வயதுக்குப் போய்விடுவார்கள். மழையில் ஆடுவார்கள், நிலவோடு பேசுவார்கள். மூட்டு வலியைப் பற்றி இடைவேளையில்தான் பேச்சு.

கூட்டத்தை நடத்துகிறவன் ட்வைட் ஹாஸ்ப்ரூக். மலையில் இருந்த காலத்தில் அவனுக்குப் பருந்து என்று பெயர், அவனே வைத்துக்கொண்டது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று அப்போது நீளநீளமாகக் கவிதை எழுதினான். பிற்பாடு வீட்டுமனைத் தரகனாகி அதே மலைச்சரிவைத் துண்டு துண்டாக விற்றான். குடுமியை மட்டும் விடவில்லை.

லோர்னா நெப்ராஸ்காவின் சோளக்காட்டிலிருந்து பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்தவள். அவளை மலைக்கு அழைத்து வந்த காதலன், ராணுவம் கூப்பிட்டதும் போருக்குத் தப்பிக் கனடாவுக்குப் போனான். போனவன் அங்கேயே குடும்பமும் குழந்தையுமாகிவிட்டான். கைக்குழந்தையோடு நின்ற லோர்னா, மலையிலிருந்து இறங்கி, பள்ளிக்கூட பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஓய்வு பெறும்வரை அந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அவள்தான் ஏற்றி இறக்கினாள். கவிதை வாசிப்புக்கு அவள் போனதே காபியும் கேக்கும் நன்றாக இருக்கும் என்பதால்தான்.

அன்றைக்கு ட்வைட் ஒரு கவிதை வாசித்தான். அந்தக் கோடையில் நாங்கள் வெற்றுடம்போடு வயலில் நின்று பாடினோம், எங்கள் பாட்டைக் கேட்டுக் கோதுமை நிமிர்ந்தது என்று குரல் நடுங்கப் படித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் லோர்னா சிரித்துவிட்டாள். வாயில் கேக் இருந்ததால் சிரிப்பு மூக்கு வழியாகவும் வந்தது.

ட்வைட் தாளைத் தாழ்த்தினான். "என்ன லோர்னா, சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

"அந்தக் கோதுமை முளைக்கவே இல்ல ட்வைட். விதைய ஆடு தின்னுடுச்சு. நீங்க பாடினது களைச்செடிக்கு."

சபை குலுங்கியது. ட்வைட்டின் காது சிவந்தது. குறை சொல்வது யாருக்கும் எளிது, உனக்குத் தெரிந்ததை நீயே எழுதி அடுத்த மாதம் வாசியேன் பார்ப்போம் என்றான். வாசிக்கிறேன் என்று இவளும் ரோஷத்தில் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். கவிதைக்கு நிலா வேண்டும் என்று நினைத்து நிலாவை எழுதினாள், நன்றாக இல்லை. கடலை எழுதினாள், அது அதைவிட மோசம். கடைசியில் நினைவுக்கு வந்ததையே எழுதிவிட்டாள். அடுத்த மாதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தி, ஒருவழியாக வாசித்தாள்.

*நீங்கள் உலகத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது*
*நான் அடிப்பிடித்த அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.*
*போர் நிற்கட்டும் என்றீர்கள்.*
*நிற்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்,*
*கை ஈரமாக இருந்ததால் கொடி பிடிக்கவில்லை.*
*எல்லாம் எல்லோருக்கும் பொது என்றீர்கள்.*
*பல் துலக்கும் பிரஷ்கூடப் பொதுவாகத்தான் இருந்தது.*
*பாத்திரம் தேய்க்கும் நார் மட்டும்*
*எப்படியோ எனக்கே சொந்தமாக இருந்தது.*

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. நரைத்த தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சிரித்தன. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வாசி என்றாள். ஆண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த மாதம் ஊரே உண்மை பேச ஆரம்பித்துவிட்டது. மாமிசம் தொட்டதில்லை என்று பெயரெடுத்த ஒருவர், வாரா வாரம் ரகசியமாக மலையிறங்கிப் போய் ஹாம்பர்கர் தின்றதைக் கவிதையாக்கி வந்தார். போரை எதிர்த்து ராணுவ அழைப்பு அட்டையைக் கொளுத்தினேன் என்று காலமெல்லாம் மார்தட்டியவர், அவசரத்தில் தான் கொளுத்தியது நூலக அட்டை என்று ஒப்புக்கொண்டார். கைதட்டல் ஓயவில்லை. ட்வைட்டின் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. இடுப்பு எலும்பு மாற்று அறுவை முடிந்து படுத்திருக்கிறான் என்றார்கள். அறுவை முன்பே நாள் குறித்ததுதான். ஆனால் யார் போன் செய்தாலும் அவன் எடுக்கவில்லை.

லோர்னா சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். ட்வைட் கட்டிலில் சாய்ந்திருந்தான். குடுமி அவிழ்ந்து, கிழவனாகத் தெரிந்தான். சூப்பைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான்.

"நானும் பாத்திரம் கழுவியிருக்கேன் லோர்னா."

"ஒரு தடவ. சோப்பு போடாம."

அவனுக்குச் சிரிப்பு வந்தது; தையல் இழுக்கவே முகத்தைச் சுளித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப நாங்க செஞ்சது ஒண்ணுமே இல்லையா? எல்லாம் வெறும் வாய்தானா?"

லோர்னாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆற்றில் வெள்ளம். பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. புரட்சியாளர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஆற்றைக் கடந்து போய் மருத்துவச்சி பிலோமினா துவார்த்தேயை அழைத்து வந்தவன் இவன் ஒருவன்தான்.

"அத ஏன் நீ எழுதவே இல்ல?"

"போற வழியெல்லாம் அழுதுட்டே போனேன்," என்றான் ட்வைட். "பருந்து அழுதுச்சுன்னு எப்படி எழுதறது?"

"ட்வைட்டுன்னு எழுது."

கைத்தடியோடு அவன் மறுபடி வந்த ஞாயிற்றுக்கிழமை, லோர்னா அந்த வெள்ளத்தில் பிறந்த தன் மகள் ஜேனட்டையும் இழுத்து வந்தாள். மகளுக்கு மலையில் வைத்த பெயர் விடியலோடை. பள்ளியில் முதல் நாளே அதைக் கைவிட்டு ஜேனட் ஆனவள். பல் மருத்துவமனையில் வேலை. அம்மாவின் கூட்டாளிகள் என்றாலே கூச்சப்படுவாள். தொண்ணூறைத் தொட்ட பிலோமினாவும் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

ட்வைட் வாசித்த கவிதை சின்னது. வெள்ளம், இருட்டு, பயத்தில் தான் அம்மாவைக் கூப்பிட்டு அழுதது, எல்லாம் இருந்தது. சபை மூச்சுவிடாமல் கேட்டது. ஆனால் பழக்கதோஷம் விடுமா? மருத்துவச்சியை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தேன் என்று முடித்துவிட்டான்.

"யாரு யாரச் சுமந்தது?" என்றார் பிலோமினா. காது மந்தமானதால் குரல் கொஞ்சம் பெரிது. "நடு ஆத்துல கால் வழுக்கிட்டான். சட்டையப் புடிச்சுத் தரதரன்னு கரைக்கு இழுத்துட்டு வந்தது நான். என் பை வேற நனஞ்சு போச்சு."

ட்வைட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். அங்கேயே நின்று அடித்துத் திருத்தி, கடைசி வரியை மறுபடி வாசித்தான்: மருத்துவச்சி என்னைச் சுமந்து கரையேறினாள். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த கைதட்டல் அவன் ஆயுளிலேயே கிடைக்காதது. பிலோமினா அதையும் தனக்கு என்று எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் தலையசைத்தார்.

ஜேனட் சிரிக்கவில்லை. ட்வைட்டிடம் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். காரில் ஏறியதும் அதைத் தன் மடியில் வைத்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ பேரு மாத்திக்கிட்டப்பவே, உனக்கு இதெல்லாம் புடிக்கலன்னு நெனச்சேன்."

"பேருதான் புடிக்கல," என்றாள் ஜேனட். "அன்னிக்கு என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

பாலம் வெள்ளத்தோடு போனதிலிருந்து லோர்னா ஆரம்பித்தாள். ஜேனட் இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.