லாரியில் தின்று தீர்த்த மருந்து

வெள்ளைத் துணிக் கைப்பட்டை ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. ஓரத்தில் பச்சைக் கோடு, நடுவில் நான்கு விரல் பதிந்த எண்ணெய்க் கறை. எத்தனை முறை வெளுத்தும் கறை போகவில்லை. பிறகு அது போகவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போட்டவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களை முள்கம்பிக்குள் அடைத்திருந்தார்கள். கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில்தான். ரெம்பாவ் பக்கம் வாக்கப்பட்டிருந்த என் அக்காவை ஏழு மாத வயிற்றோடு கடைசியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் இருந்த லயத்து வீடுகளையே காலி செய்து, வேறொரு தோட்டத்துக் கம்பிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. அந்தத் தோட்டத்தில் பிரசவத்தில் ஒரு பெண் போய்விட்டாள் என்று மட்டும் ஒரு லாரிக்காரர் சொன்னார். பெயர் அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. போய்ப் பார்த்து வருகிறேன் என்று அனுமதிச் சீட்டு கேட்டால், கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் டிரேசரம்மா ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரேசரின் மனைவி அவர். சிரம்பானில் ஒரு தொண்டுச் சங்கம் பால்மாவும் லாரியும் கொடுத்தது. ஞாயிறுதோறும் ஒரு தோட்டத்துக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பால் கரைத்து ஊற்றி, புண்ணைக் கழுவி மருந்து போட வேண்டும். சம்பளம் கிடையாது. அடுத்த ஞாயிறு அக்காவைக் கொண்டுபோன தோட்டம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் நான் போய் நின்றேன். ஏன் வருகிறாய் என்று கேட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ ஆசை என்றேன். அவர் என் கிழிந்த பாவாடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைப்பட்டையைக் கொடுத்தார்.

அம்மா என்ன பாடுபட்டாரோ, சுக்கும் மிளகும் திப்பிலியும் தேடிப் பிடித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் காய உருண்டை பிடித்துவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து. மகள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் செய்த மருந்து. எப்படி வேண்டாமென்பேன்? தாவணிக்குள் முடிந்துகொண்டு லாரியில் ஏறினேன். மருந்துதானே, சோறில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கேட்டுக்கு முன்னால் இரண்டு லாரிகள் சோதனைக்காக நின்றன. எங்கள் லாரியும் பின்னால் போய் நின்றது. வெயிலில் உருண்டைகள் இளகி, எண்ணெய் தாவணியில் கசிந்து, டிரேசரம்மா கண்ணில் பட்டுவிட்டது.

“என்ன பொண்ணு அது?”

நான் அழுதுவிட்டேன். “அக்காவுக்கு காய உருண்டம்மா. நான் சேவைக்கு வரல. அவ இருக்காளான்னு பாக்கத்தான் வந்தேன்.”

மருந்தென்றாலும் வாயில் போடுவது சாப்பாடுதான், பிடித்தால் லாரியே திரும்பவேண்டும் என்றார். கீழே போட்டாலும், காட்டுக்காரர்களுக்கு வைத்தோம் என்பார்கள். என்னை இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்து, முதல் உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“என்ன பாக்கறீங்க? ஆளுக்கு ரெண்டு. சீக்கிரம் முழுங்குங்க லா.”

ஏழு பெண்கள், அதில் நாலு பேர் கல்யாணமாகாதவர்கள், பிள்ளை பெற்றவள் மருந்தை மென்று முழுங்கினோம். காரம் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. தின்றுகொண்டே ஒவ்வொருத்தியாக உண்மையைக் கக்கினார்கள். ஒருத்தி மாமியார் முகத்தை ஒரு நாளாவது பார்க்காமல் இருக்க வந்தவள். இன்னொருத்தி லாரி ஏறி ஊர் பார்க்க வந்தவள். “ஆளாளுக்கு ஒரு காரணம்” என்றார் டிரேசரம்மா, இருமிக்கொண்டே. “எங்க வீட்டுக்காரர் மோட்டர் சைக்கிள எடுத்துகிட்டு காட்டுக்குள்ள இருக்கற தோட்டத்து டிவிசனுக்குப் போனா, அந்தச் சத்தம் திரும்பிக் கேக்கற வரைக்கும் என்னால வீட்ல உக்கார முடியல. பயம். அதான் வரேன்.”

மலாய்க் காவலர் ஏறிப் பார்த்தபோது ஏழு பேருக்கும் கண்ணிலும் மூக்கிலும் நீர். “டெமாம்?” என்றார், காய்ச்சலா என்று. “டெமாம் லா” என்றார் டிரேசரம்மா. சோதிக்க வந்த பெண் எட்ட நின்றே கையை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள். கேட் திறந்தது. எண்ணெய்க் கையைக் கைப்பட்டையில் துடைத்தேன்.

அந்தத் தோட்டத்தில் நான் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு குவளை என் முன்னால் நீண்டது. நிமிர்ந்தால் அக்கா, தோளில் நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளை. என் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் முகர்ந்து பார்த்தாள்.

“ஒன் வாயில என்னடி காய வாசன? அம்மா எனக்குன்னு இடிச்சதா?”

“ஆமா. நாங்க எல்லாரும் தின்னுட்டோம்.”

அக்கா சிரித்தாள், அப்புறம் அழுதாள், திரும்பவும் சிரித்தாள். “போகுது, தின்னவளுங்க ஒடம்பாவது தேறட்டும்” என்றாள்.

இறந்துபோனது வேறொருத்தி. அவளுக்கும் ஒரு தங்கை எங்கேயாவது காத்திருந்திருப்பாள் என்ற எண்ணம் அன்று எனக்கு வரவில்லை, அத்தனை நிம்மதி. ஆனால் பால் வாங்கிய பெண்கள் நகராமல் நின்று, உங்கள் தோட்டத்தில் இன்னாரைத் தெரியுமா, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஞாயிறு லாரி போன தோட்டத்தில் எனக்கு யாருமில்லை. இருந்தும் ஏறினேன், அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டு. கம்பி எடுக்கிறவரை ஏறிக்கொண்டிருந்தேன்.

இப்போது சிரம்பானில், லோபாக் பக்கம், முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சங்கத்துக்கு வரும் விண்ணப்பங்களை நான்தான் பார்க்கிறேன். ஏன் வருகிறீர்கள் என்று அதில் ஒரு கட்டம். சமுதாய மேம்பாடு, மனித நேயம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எழுதுகிறார்கள். போன மாதம் ஒரு பெண்மணி, “கணவர் போனபிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தார். இது ஒரு காரணமா என்றார் செயலாளர். தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, அலமாரியைத் திறந்து, அந்த நான்கு விரல் கறையை ஒரு தடவை பார்த்தேன். பிறகு கட்டத்துக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.